நூறாண்டு விழாவில் ஒரு பெரட்டு

ராசம்மாவின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஆளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எல்லோர் காதிலும் விழுந்தது அதுதான். மலாயாவில் ஜொகூர்ப் பக்கம், கூலாய்க்கு உள்ளே, காட்டை அழித்து ரப்பர் நட்ட தோட்டம் ஒன்றில் அவள் மரம் சீவினாள். கூலிகளின் வரிசை வீடான லயத்து வாசலில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவிடம் ஒரு கை உப்புக் கேட்டால், ஓடைக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிறவன் தலை நிமிர்ந்து பார்ப்பான். ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். தோளில் கம்பைப் போட்டு இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தால் ஆண்பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். கோபம் வந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். பால் நிறுத்துக் கணக்கு எழுதும் கிராணியிடமே, "ஐயா, கண்ணாடிய மாத்துங்க, இல்லன்னா கண்ண மாத்துங்க" என்று சொன்னவள். கிராணி குனிந்து மறுபடி நிறுத்தார். பேசினால் இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பேச்சு வந்தால் மட்டும் அடங்கிப்போவாள். அது அவளுடைய தங்கை செல்லத்தைப் பற்றிய பேச்சு.

முசிறிப் பக்கத்து ஊர் அவர்களுடையது. ஒரு கோடையில் காலரா வந்து ராசம்மாவின் புருஷனையும் பெற்றவர்களையும் அடுத்தடுத்து வாரிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது அக்காவும் தங்கையும். அந்த நேரம் பார்த்துச் சதாசிவம் கங்காணி ஆள் சேர்க்க வந்தார். தோளில் சரிகை அங்கவஸ்திரம், கையில் குடை, வாயைத் திறந்தால் மலாயா. அங்கே மரத்தைக் கீறினால் பால் வடியும், மாதம் பிறந்தால் சம்பளம் என்றார். இனி இந்த ஊரில் இருந்துகொண்டு யாரைப் பார்த்து அழுவது என்று ராசம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாள்.

கப்பலில் வந்தவர்களை ஊருக்குள் விடுவதற்கு முன்னால், நோய்நொடி இருக்கிறதா என்று பார்க்கச் சிங்கப்பூருக்கு எதிரே ஒரு தீவில் தடுத்து வைப்பார்கள். அங்கே செல்லத்துக்கு அம்மை போட்டுவிட்டது. பதினாலு வயசுப் பெண். தனிக் கொட்டகையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். கங்காணியின் ஆட்களுக்குக் கெடு முடிந்து படகு வந்து நின்றபோது ராசம்மா மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். "நான் வரல, என்னையும் அந்தக் கொட்டாயில போடுங்க" என்று கத்தினாள். இரண்டு ஆண்கள் அவளை அலாக்காகத் தூக்கிப் படகில் வைத்தார்கள். "அட அழுவாத, கொணமானதும் நானே போயிக் கூட்டியாறேன், என் பொறுப்பு" என்றார் சதாசிவம்.

அந்தப் பொறுப்பு அவருக்கு மறுபடி ஞாபகம் வந்தது, அடுத்து ஒரு கூட்டம் ஆட்களை அழைத்துவரப் போனபோதுதான். செல்லம் அங்கே இல்லை. வேறு யாரோ ஒரு கங்காணி தன் ஆட்களோடு சேர்த்து அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். எந்தக் கங்காணி? தெரியாது. எந்தத் தோட்டம்? தெரியாது. "ஜொகூர்லதான் எங்கனாச்சும் இருப்பா, எங்க போயிடப் போறா?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார் மனுஷன். படுபாவி!

ஜொகூர் என்ன ஒரு தெருவா, நாலு வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட? பெருங்காடு. காட்டுக்கு நடுவே தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் மறுபடி காடு. ராசம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தெரிந்திருந்தாலும் எந்த விலாசத்துக்கு எழுதுவது? ஊரிலும் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. அதனால் தோட்டத்துக்குள் யார் நுழைந்தாலும் அவள் பிடித்துக்கொள்வாள். வண்டிக்காரன், கள்ளுக்கடைக்காரன், புதிதாக வந்த ஆள், யாராக இருந்தாலும் சரி. "செல்லம்னு ஒரு பொண்ணு, முசிறிப் பக்கம், என்னாட்டம் ஒசரம் கெடையாது, எங்கனாச்சும் பாத்தீங்களா?" ஆறேழு வருஷமாக இதே கேள்வி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷக் கடைசியில் அந்தப் பொல்லாத காய்ச்சல் வந்தது. உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்ததாம், தோட்டங்களை மட்டும் விட்டுவைக்குமா? லயம் லயமாக ஜனங்கள் சுருண்டு விழுந்தார்கள். காய்ச்சல் ஓய்ந்தபின் ஒருநாள் கிருஷ்ணம்மா நல்ல மனசோடுதான் சொன்னாள்: "அக்கா, இம்மாம் பேரு போயிட்டாங்க. செல்லத்தையும் சாமிகிட்ட ஒப்படச்சிட்டு மனச தேத்திக்கக்கா." அவ்வளவுதான். ராசம்மா உப்புக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே பலகைச் சுவர், பேச்சு வார்த்தை கிடையாது. என் தங்கை செத்தாள் என்று என் கண்ணுக்குக் காட்டு, அதுவரை அவள் உயிரோடுதான் இருக்கிறாள். இதுதான் ராசம்மாவின் கட்சி.

தை பிறந்தபின் ஆதம் நானா வந்தார். நாகூர்க்காரர். துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறவர். லயத்து வாசலில் மூட்டையை அவிழ்க்கும்போதே சேதியையும் சேர்த்து அவிழ்ப்பார்.

"தெரியுமா புள்ள, வர்ற மாசம் சிங்கப்பூர்ல பெரிய கொண்டாட்டம். வெள்ளக்காரன் அங்க வந்து எறங்கி நூறு வருசமாவுதாம். கொடியென்ன, வெளக்கென்ன, ஊரே அமக்களப்படுது. எவரோ பழைய தொரையாம், அவரு செலையக்கூட எடம் மாத்தி வைக்கிறாங்களாம்."

"அவன் எறங்குனா எனக்கென்ன நானா?" என்றாள் ராசம்மா. "நானுந்தான் வந்து எறங்குனேன். எனக்கு யாரு கொடி கட்டுனா?"

"அட அலமாக், இதுக்கும் கோவமா? நான் அதுக்குச் சொல்லல புள்ள. அன்னைக்கு நெறைய எஸ்டேட்ல லீவு உடுறாங்க. ஆயர் ஈத்தாம், ரெங்கம், அங்கிட்டு சிங்கப்பூர் எஸ்டேட்டு, எல்லா ஜனமும் ஒரே எடத்துல வந்து கூடுது. அதச் சொல்ல வந்தேன்."

விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த சேலை ராசம்மாவின் கையிலிருந்து நழுவிப் புழுதியில் விழுந்தது. ஆதம் நானா பதறிப்போய் எடுத்தார். அவளோ அதைக் கவனிக்கவே இல்லை. எல்லா ஜனமும்! ஒரே இடத்தில்! இத்தனை வருஷமாக ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாளே, அந்த மொத்தக் கூட்டமும் ஒருநாள் ஒரே திடலுக்கு வரப்போகிறது.

ஆனால் அவர்கள் தோட்டத்துத் துரை லேசுப்பட்ட ஆள் இல்லை. எல்லோருக்கும் லீவு கிடையாது என்றுவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் தமிழ் வியாபாரிகள் சிலர் திடலின் ஓரத்தில் நம் ஜனங்களின் ஆட்டபாட்டத்துக்கும் கொஞ்சம் இடம் பிடித்திருந்தார்கள். அதில் ஆடுவதற்குச் சதாசிவம் கங்காணி ஒரு கோலாட்டக் குழுவைக் கூட்டிப்போகலாம், அந்தக் குழுவுக்கு மட்டும் லீவு. கங்காணிக்குத் தலைகால் புரியவில்லை. மற்றத் தோட்டத்துக் கங்காணிகளெல்லாம் பார்க்கப்போகிறார்களே! சின்னஞ்சிறு பெண்களாகப் பார்த்து, ஒல்லியாக, தாளம் தப்பாதவர்களாகப் பொறுக்கி எடுத்தார்.

ராசம்மா போய் அவர் முன்னால் நின்றாள். "கங்காணி, நானும் ஆடுறேன்."

கங்காணி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ கோல எடுத்தா எதிர்ல நிக்கிறவ கை முறிஞ்சிரும். போ, போயி வேலையப் பாரு."

அவள் போகவில்லை. மறுநாளும் வந்து நின்றாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். வாய் பேசாமல் நின்றாள், அதுதான் கங்காணிக்கு அதிகப் பயமாக இருந்தது. கடைசியில், "சரி, ஒரு நிபந்தன" என்றார். "அன்னைக்கு ஆட்டத்துக்கு நடுவுல தங்கச்சி, கிங்கச்சின்னு வட்டத்த விட்டு ஒரு அடி நவுந்தேன்னு வையி, மறுநாளே ஒம் பேர வெட்டிருவேன். இந்த எஸ்டேட்டுல ஒனக்கு வேல இல்ல, லயம் இல்ல. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். வேறென்ன சொல்வாள்?

அந்தப் பயிற்சியைப் பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எதிரே நின்றவள் கிருஷ்ணம்மா. ராசம்மாவின் கோல் அவள் கோலில் பட்டதைவிட விரலில் பட்டதுதான் அதிகம். "அக்கா, எம்மேல இருக்கற கோவத்த இங்க தீத்துக்கிறியா?" என்று கிருஷ்ணம்மா விரலை ஊதிக்கொண்டே கேட்டாள். ராசம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சில்லாமல் கிடந்த அந்தப் பலகைச் சுவர் அன்றோடு சரியாகிப்போனது.

தாளம் கொடுத்தவன் வேலு. தோட்டத்துத் தப்புக்காரன். நெருப்பில் காய்ச்சிய தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாணம், சாவு, திருவிழா எல்லாவற்றுக்கும் அவன்தான் அடிப்பான். எல்லாவற்றையும்விட முக்கியமாக, தினமும் விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு அடிப்பதும் அவன்தான். பெரட்டு என்றால் காலையில் ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் நேரம். அந்த அடி காதில் விழுந்தால் போதும். தூக்கத்தில் இருப்பவன் கண் திறப்பதற்கு முன்னால் கால் தரையில் நிற்கும். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள் கையை உதறிவிட்டு ஓடுவாள். தோட்டத்துக்குத் தோட்டம் துரை வேறு, கங்காணி வேறு. பெரட்டுத் தப்பு மட்டும் எங்கே போனாலும் ஏறக்குறைய அதே அடிதான்.

அந்த நாளும் வந்தது. மாட்டு வண்டியில் கூலாய் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். வடக்கேயிருந்து வந்த ரயிலில் ஏற்கெனவே மூச்சுவிட இடமில்லை. சன்னலுக்குச் சன்னல் தலை, தலைக்குத் தலை பூ. ராசம்மா ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்க்கத் துடித்தாள். கங்காணி குடைக்கம்பால் தள்ளாத குறையாக எல்லோரையும் கடைசிப் பெட்டியில் ஏற்றினார். ஜொகூர் பாருவில் இறங்கி, அக்கரைக்குப் போகும் நீராவிப் படகுக்குக் காத்து நின்றபோது பார்த்தால், துறை முழுக்கத் தமிழ் ஜனம். அவளால் அடக்க முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு கூப்பாடு போட்டாள்: "செல்லம்!"

ஒருத்தி இல்லை, அஞ்சாறு பேர் திரும்பினார்கள். அதில் பல் போன கிழவி ஒருத்தி, "வந்துட்டேண்டி ராசாத்தி, என்ன வேணும் சொல்லு" என்றாள். துறையே சிரித்தது. ராசம்மாவும் சிரித்தாள், ஆனால் கண் மட்டும் கூட்டத்தையே துழாவிக்கொண்டிருந்தது. பதினாலு வயசில் விட்ட பெண். இப்போது எப்படி இருப்பாள்? பருத்திருப்பாளா, இளைத்திருப்பாளா? முகத்தைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியுமா?

சிங்கப்பூரில் போய் இறங்கியதும் எல்லோருக்கும் வாய் பிளந்துகொண்டது. அடேயப்பா! எங்கே பார்த்தாலும் கொடி, தோரணம், வளைவு. மோட்டார் கார் ஒன்று போய் மறைவதற்குள் இன்னொன்று. சீனர்கள், மலாய்க்காரர்கள், தலைப்பாகை கட்டிய பஞ்சாபிகள், தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், தண்ணீர் விற்கிறவன், பழம் விற்கிறவன், எங்கோ ஊதுகிற பாண்டு. கிருஷ்ணம்மா, "அக்கா, அங்க பாரு, அங்க பாரு" என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுளுக்கிக்கொண்டாள். ராசம்மாவுக்கும் ரத்தம் சூடேறித்தான் இருந்தது. ஆனால் அவள் பார்த்ததெல்லாம் முகம், முகம், முகம். திடலுக்குப் போகிற வழியெல்லாம் எதிரே வந்த பெண்களின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். "யாருடி இவ, ஆளத் திருப்புறா?" என்று ஏச்சு வாங்கினாள். முன்பெல்லாம் ஆள் கிடைக்காமல் தேடினாள். இப்போது ஆள் அளவுக்கு மிஞ்சிக் கிடைத்துவிட்டார்கள். இதற்குள் செல்லம் பக்கத்தில் உரசிக்கொண்டு போயிருந்தால்கூட யாருக்குத் தெரியும்?

பிற்பகலில் அவர்கள் முறை வந்தது. திடலின் ஓரத்தில் கயிறு கட்டிய இடம். சுற்றிலும் கூட்டம் மொய்த்துக்கொண்டு நின்றது. சதாசிவம் கங்காணி குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்றத் தோட்டத்துக் கங்காணிகள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். வேலு கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினான். இத்தனை ஜனத்தின் முன்னால் அவன் என்றைக்கு அடித்தான்? ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்று ஆச்சரியமாக நன்றாகவே போயிற்று. ராசம்மாகூட ஒரு விரலையும் உடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் சீனர்கள் ஒரு பட்டாசுச் சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். படபடபடவென்று வெடித்தது பாருங்கள், வேலு ஒரு முழம் துள்ளினான். தாளம் அறுந்தது. எதையாவது அடிக்க வேண்டுமே என்று கை தவித்தது. மூளை சொல்வதற்கு முன்னால், தினமும் பழகின அடிக்குக் கை தானாகவே போய்விட்டது. வேலு பெரட்டு அடித்தான்.

கோலாட்டப் பெண்கள் அத்தனை பேரும் கோலைத் தாழ்த்தி விறைப்பாக நின்றார்கள். அவர்கள் நின்றது பெரிதில்லை. கூட்டத்துக்குள் என்ன நடந்தது என்கிறீர்கள்! நிலக்கடலை கொறித்துக்கொண்டிருந்தவன் கடலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். வெற்றிலை துப்பப் போனவன் துப்பாமலே திரும்பினான். கயிற்றைத் தாண்டிக்கொண்டு பெண்கள் வந்தார்கள், பிள்ளையை இடுப்பில் மாட்டிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். யாரும் சொல்லாமலே வரிசை கட்டி, நிமிர்ந்து, எதிரே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரெங்கமும் ஆயர் ஈத்தாமும் கூலாயும் ஒரே வரிசையில்! சதாசிவம் கங்காணி மட்டும் என்ன, பழக்க தோஷம், முன்னால் வந்து விரலை நீட்டித் தலை எண்ணவே ஆரம்பித்துவிட்டார்.

முதலில் சிரித்தது ஒரு மலாய்ப் போலீஸ்காரர். பிறகு சீனர்கள் சிரித்தார்கள். அப்புறம்தான் வரிசையில் நின்றவர்களுக்கு எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. "ஐயையோ, லீவு நாள்லயும் பெரட்டா!" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வரிசை கலைய ஆரம்பித்தது. கங்காணிக்கு முகம் செத்துப்போயிற்று. "நிறுத்துடா வேலு! மானம் போவுது! கோலாட்டத்த அடிடா!"

ராசம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒவ்வொரு தோளாகத் திருப்பித் திருப்பிக் கை ஓய்ந்துபோனவளுக்கு முன்னால், அவள் தேடிய ஜனம் முழுவதும் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போது கலைந்துவிட்டால் மறுபடி எப்போது?

"வேலு, நிறுத்தாத!" வட்டத்தை விட்டு அவள் வெளியே வந்துவிட்டாள். "பெரட்டே அடி! இன்னும் ஓங்கி அடி!"

"ஏ ராசம்மா, சொன்னது மறந்துபோச்சா? பேர வெட்டிருவேன்!" என்று கங்காணி குடையை ஆட்டினார்.

வேலு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, கங்காணி திட்டுறாரு..."

"திட்டட்டும். எந் தங்கச்சி காதுல உழுந்தா வருவா. அடிடா, ஒன்னக் கும்புடுறேன்."

அந்தக் காய்ச்சலில் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வேலு. தப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திடலின் அடுத்த கோடிக்குக் கேட்கிற மாதிரி அடித்தான். ராசம்மாவும் தன் குரலை முழுசாகத் திறந்துவிட்டாள்: "கலையாதீங்க! நிமுந்து நில்லுங்க! நான் எந் தங்கச்சியத் தேடுறேன், ஒரு நிமிசம் நில்லுங்க!"

நின்றார்கள் ஐயா, நின்றார்கள்! தூரத்தில் இருந்தவர்களும் ஓடி வந்து வாலில் சேர்ந்தார்கள். ராசம்மா கையில் கோலோடு கங்காணி நடப்பதுபோல் வரிசை ஓரமாக நடந்து முகம் முகமாகப் பார்த்தாள். "என்ன கங்காணியம்மா, அரை நாள் கூலிக்குப் பேராச்சும் போடுவீங்களா?" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் தொடையில் கிள்ளினாள். அக்காக்காரி தங்கச்சியைத் தேடுகிறாள் என்ற சேதி வாய்க்கு வாய் வரிசை நெடுக ஓடியது. சிரிப்பு அடங்கிவிட்டது. "பேரு என்னம்மா? எந்த ஊரு?" என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

"செல்லம். முசிறிப் பக்கம்."

நடுவே நின்ற ஒரு அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எங்க எஸ்டேட்டுல ஒரு செல்லம் இருந்தா. முசிறியான்னு தெரியல. அந்தக் காய்ச்சல்ல போயிட்டா."

ராசம்மா அடுத்த முகத்துக்கு நகர்ந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். சின்ன முகம், பெரிய முகம், மூக்குத்தி போட்ட முகம், எதுவும் இல்லை. வரிசை முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் வெறும் புல்தான். வேலுவின் கையும் தளர்ந்து அடி மெதுவாகிக்கொண்டு வந்தது. கிருஷ்ணம்மா ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்கள் நேரே வரிசையில் போய்ச் சேரக் கூடாது. தனியாக, ஓரமாக, தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். கங்காணி வந்து ஏசித் தீர்த்த பிறகுதான் வரிசை. எல்லாத் தோட்டத்திலும் இதுதான் சட்டம். அப்படித்தான், வரிசைக் கடைசியில் ராசம்மா நின்ற இடத்துக்கு ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரு சாப்பாட்டு மூட்டை. எதிரே நின்ற காலையும் கையிலிருந்த கோலையும்தான் பார்த்தாள், முகத்தை ஏறிட்டே பார்க்கவில்லை. விலகி நின்று தலையைக் குனிந்துகொண்டு, மூச்சு வாங்கச் சொன்னாள்:

"கோச்சுக்காதீங்க கங்காணி. புள்ள அழுதுச்சு, மரத்தடியில பால் குடுத்துக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டதும் ஓடியாந்துட்டேன்."

அந்தக் குரல்! முகம் மாறியிருந்தது, உடம்பு மாறியிருந்தது, குரல் மாறவில்லை. ராசம்மா வாயைத் திறந்தாள். ஓடைக்கு அக்கரையில் கேட்கிற குரல் எங்கே போனதோ, பக்கத்தில் நின்ற கிருஷ்ணம்மாவுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஏண்டி இவ்ளோ நேரம்?"

குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. "அக்கா?" என்றாள் செல்லம். அப்புறம் யார் யாரை முதலில் கட்டிக்கொண்டார்கள் என்று கிருஷ்ணம்மாவால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. நடுவில் நசுங்கிய குழந்தை வீரிட்டது. வரிசையில் ஒருத்தி குலவை போட்டாள். அதை அடுத்தவள் வாங்கினாள், அவளுக்கு அடுத்தவள் வாங்கினாள், அந்தத் திடலே அதிர்ந்தது. வேலு தன்னை அறியாமல் கல்யாணத் தாளத்துக்கு மாறிவிட்டான். விஷயம் என்னவென்று தெரியாத சீனர்கள்கூடக் கை தட்டினார்கள்.

"எங்கடி இருக்க? எந்த ஊர்ல இருக்க?"

"ரெங்கத்துலக்கா."

"ரெங்கமா? அடிப்பாவி, கூலாய்க்கு மேல நாலு ஸ்டேசன்! எந்த ரயில்ல வந்த?"

"காலையில வந்த ரயிலுதான். எஞ்சினுக்குப் பக்கத்துப் பொட்டி."

"நான் கடைசிப் பொட்டிடி!" என்று ராசம்மா தன் தலையில் அடித்துக்கொண்டாள். உடனே சிரித்தாள். சிரித்துக்கொண்டே செல்லத்தின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். செல்லமும் அழுதுகொண்டே சிரித்தாள்.

சதாசிவம் கங்காணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். "ஆட்டத்தக் கெடுத்துட்டியே, நாளைக்கே ஒம் பேர..." என்று தொடங்கியவர் செல்லத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"வெட்டிக்குங்க கங்காணி" என்றாள் ராசம்மா. குரல் திரும்பி வந்துவிட்டது, முழுசாக. "ரெங்கத்துலயும் மரந்தான் இருக்கு, அங்கயும் பால்தான் வடியுது. நான் எந் தங்கச்சிகூடப் போறேன். போயி ஒங்க கோலாட்டத்தப் பாருங்க." கங்காணிக்குக் குடையை விரிப்பதா மடிப்பதா என்று தெரியவில்லை. திரும்பிப் போனார்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் செல்லம் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒண்ணு சொன்னா அடிக்கமாட்டியே?" என்றாள்.

"சொல்லித் தொல."

"காய்ச்சல்ல நீயும் போயிருப்பேன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேங்கா. போன வாரம் தை அமாவாசைக்கு ஒனக்கு எலை போட்டுப் படையல் வச்சுக் கும்புட்டேன்."

கிருஷ்ணம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ராசம்மா தங்கையை வெறித்துப் பார்த்தாள்.

"என்னடி வச்ச எலையில?"

"கத்திரிக்கா கொழம்பு."

"கத்திரிக்காயா? தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சுப்போவும் எனக்கு, அதுகூடவாடி மறந்துபோச்சு? செத்தும் நான் சொறிஞ்சுக்கிட்டே திரியணுமா?"

செல்லம் விக்கி விக்கிச் சிரித்தாள், அழுதாள், குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ராசம்மாவுக்கும் கண்ணீர் நிற்காமல் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள்.

"அந்த மூட்டையில என்ன இருக்கு?"

"புளிச்சோறு. கருவாடு."

"எலையப் போடு. இப்ப உசுரோட வந்து உக்காந்திருக்கேன், போடு."

செல்லம் குழந்தையைக் கிருஷ்ணம்மாவிடம் கொடுத்துவிட்டு மூட்டையை அவிழ்த்து, வாழையிலையை அக்காவின் முன்னால் விரித்தாள். அவசரத்தில் பாதிச் சோறு புல்லில் சிந்தியது. ராசம்மா சிந்தியதையும் பொறுக்கி இலையில் போட்டுக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்த்தபடியே கவளம் கவளமாகச் சாப்பிட்டாள். இலை காலியானது.

"இன்னும் கொஞ்சம் வையி" என்றாள்.